டிராவல் கிராண்ட்ல வெளிநாடு போய்ட்டு வந்தவங்க, இன்னும் மனச அரிக்கிற ஒரு விஷயம் சொல்லுங்க

சாரல்காரி

நானே ஆரம்பிச்சு வைக்கேன். 2019, யுனிவர்சிட்டி குடுத்த டிராவல் கிராண்ட், பத்து நாள், ஸ்காட்லாந்து. எப்படி அப்ளை பண்ணேன், எத்தன பேர்ட்ட கையெழுத்து வாங்கினேன்கிறதெல்லாம் இங்க இருக்கவங்களுக்குச் சொல்ல வேண்டாம், எல்லாரும் பட்டதுதான். போறதுக்கு மொத நாள் எங்க பிரின்சிபால் கூப்பிட்டு ஒரு ஃபைல் குடுத்தாரு, உள்ள ரெண்டு காலேஜும் சேந்து வேலை செய்யறதுக்கான ஒப்பந்தம், அதான் எம்ஓயு, அதோட டிராஃப்ட் ரெண்டு காப்பி, பச்சை பார்டர் போட்ட பேப்பர்ல. "கையெழுத்தோட வாங்கம்மா, ஒரு போட்டோவும் எடுத்துருங்க"ன்னாரு. அவ்வளவுதான் எனக்கு இருந்த பிளான்.

நான் பாட்டனி. அங்க என்னைக் கூப்பிட்டிருந்த புரொபசருக்கு அறுபது வயசுக்கு மேல இருக்கும். மொத நாளே என்னை எடின்பரோ பொட்டானிக் கார்டன் ஹெர்பேரியத்துக்குக் கூட்டிட்டுப் போனாரு. காஞ்ச செடியத் தாள்ல ஒட்டிச் சேத்து வைக்கிற எடம், அங்க கிட்டத்தட்ட 30 லட்சம் தாள் இருக்கு. ஒரு அலமாரியத் தொறந்து ஒரு ஃபோல்டர எடுத்து மேசையில வச்சு, மெதுவாப் பிரிச்சாரு. காசித்தும்பை வகையில ஒரு செடி, காஞ்சு பழுப்பாயிருக்கு, ஒரே ஒரு பூ மட்டும் ஓரத்துல லேசா ஊதா ஒட்டிக்கிட்டு இருக்கு. லேபிள்ல ராபர்ட் வைட் பேரு. கம்பெனி காலத்துல மெட்ராஸ் பக்கம் டாக்டரா இருந்துக்கிட்டு செடி சேத்தாரே, அவரேதான். கீழ ஊர் பேரு "கோர்ட்டாலம்"னு இருக்கு.

குற்றாலம்தான், எங்க ஊர்ங்க. எங்க வீட்ல இருந்து பைக்ல இருபது நிமிஷம். சின்ன வயசுல சீசனுக்கு எண்ணெய் தேச்சுக் குளிக்கப் போற இடம். 180 வருஷத்துக்கு முன்னாடி அந்தப் பாறையில இருந்து யாரோ புடுங்குன செடியப் பாக்க நான் விசா வாங்கி வந்து நிக்கேன்.

அவரு சந்தோஷமா என்னைப் பாத்து, "சரி, நாம சேந்து என்ன பண்ணலாம்? உங்க கேள்வி என்ன?"ன்னு கேட்டாரு. நான் பைல இருந்து அந்த எம்ஓயு ஃபைல எடுத்து நீட்டிட்டேன். அவரு வாங்கிப் பாத்தாரு, மடிச்சாரு, "இது லீகல் ஆபீஸ் போயிட்டு வர ஒரு வருஷம் ஆகும், பரவால்ல, ஆனா உங்க கேள்வி என்ன"ன்னு மறுபடியும் கேட்டாரு. என்ட்ட பதில் இல்ல. "வீ ஆர் வெரி இன்ட்ரெஸ்டட்"னு என்னமோ உளறுனேன். அந்த மனுசன் மொகம் கொஞ்சம் வாடுச்சு பாருங்க, அது இன்னும் கண்ணுல நிக்குது.

பழைய_கெமிஸ்ட்

மேடம் உங்களுக்காவது பூ பாத்த ஞாபகம். எனக்கு ட்யூப்லைட் ஞாபகம்தான்.

2017, ஜெர்மனி, ரெண்டு வாரம், கோலாபரேஷன் விசிட். அப்ப கவர்ன்மென்ட் காசுன்னா ஏர் இந்தியாலதான் போகணும், சென்னைல இருந்து பிராங்க்பர்ட்டுக்கு நேரா வேற பிளைட் இருந்தும் டெல்லி சுத்திப் போனேன், போகட்டும். வந்து பில் குடுத்தா ஒவ்வொரு தடவையும் ஒரு அப்ஜெக்‌ஷன், ஒரு தடவ எக்ஸ்சேஞ்ச் ரேட்டுக்கு ப்ரூஃப் எங்க, இன்னொரு தடவ டூர் ரிப்போர்ட்ல ஹெச்ஓடி சீல் இல்ல, இப்படியே 14 மாசம். கடைசியா எல்லாம் ஓகேன்னு சொல்லி ஒரிஜினல் போர்டிங் பாஸ் கேட்டாங்க. கவர்ல இருந்து எடுத்தா நாலும் வெள்ளை வெளேர்னு இருக்கு! தெர்மல் பேப்பர் சார், மெட்ராஸ் வெயில்ல ஸ்டீல் பீரோக்குள்ள வெந்து எழுத்தே போயிடுச்சு. செக்‌ஷன்ல இருந்தவரு எந்திரிச்சு சேர் மேல ஏறி ட்யூப்லைட்டுக்கு நேராப் புடிச்சுப் பாக்குறாரு, பக்கத்து சீட்டம்மா கீழ நின்னு "ஏதோ தெரியுது சார், எழுத்து மாதிரிதான் இருக்கு, ஆனா பேரு இல்ல"ங்கறாங்க. ரெண்டு பேரும் உண்மையாவே எனக்கு உதவத்தான் பாத்தாங்க. எனக்குத்தான் சிரிப்பும் அழுகையும் சேந்து வருது. கடைசில டிக்கெட் காசுல பாதி வரவே இல்ல.

டீன்_ஆபீஸ்_வாசல்

பழைய கெமிஸ்ட் சார் சொன்ன ஏர் இந்தியா ரூல் இப்ப இல்ல, 2022 ஜனவரில அது டாட்டாகிட்டப் போயிடுச்சுல்ல. இப்ப எந்த ஏர்லைன்ஸ்லயும் போலாம், ஆனா டிக்கெட் மட்டும் பால்மர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐஆர்சிடிசி இந்த மூணுல ஒண்ணுலதான் எடுக்கணும். புதுசா போறவங்க ஆன்லைன்ல சீப்பா இருக்குன்னு வேற எங்கயாவது போட்டுட்டு அப்பறம் அழாதீங்க. போர்டிங் பாஸ் கையில வந்த ஒடனே போன்ல போட்டோ, ஊருக்கு வந்த ஒடனே ஜெராக்ஸ்.

அப்பறம் சாரல்காரி மேடம், உங்க பிரின்சிபாலக் குறை சொல்றது தப்புங்க. காலேஜுக்குத் தரம் போடுற நாக் கமிட்டி விசிட்ல ஃபங்ஷனல் எம்ஓயு எத்தனைன்னு எண்ணிக் கேக்குறாங்க, அதுக்கு மார்க் இருக்கு. பேப்பர் இல்லாம நீங்க எவ்வளவு பூ பாத்துட்டு வந்தாலும் காலேஜுக்கு ஒண்ணும் இல்ல. அவரு தன் வேலையப் பாத்தாரு.

நீங்க போன ரூட்டே சரியில்லங்கறேன். யுனிவர்சிட்டி குடுக்குற சின்ன கிராண்ட் ஒரு தடவ போய்ட்டு வர்றதோட முடிஞ்சிடும். ஸ்பார்க்னு மத்திய அரசோட கூட்டு ஆராய்ச்சி ஸ்கீம் ஒண்ணு, 2018ல வந்தது, ஐஐடி கரக்பூர்தான் கோஆர்டினேட் பண்றாங்க. அதுல ரெண்டு பக்கமும் போய்ட்டு வர காசு, ஸ்டூடன்ட்ஸும் போலாம். என்ன, உங்க இன்ஸ்டிட்யூஷன் மத்திய அரசோட என்ஐஆர்எஃப் ரேங்க் லிஸ்ட்ல முதல் 100க்குள்ள இருக்கணும், அந்தப் பக்கத்து யுனிவர்சிட்டி க்யூஎஸ் உலக ரேங்க்ல 500க்குள்ள இல்லன்னா சப்ஜெக்ட்ல 200க்குள்ள இருக்கணும்னு கண்டிஷன் வச்சாங்க. காலேஜ் கேட்டகிரி ரேங்க்கும் செல்லும், தமிழ்நாட்டு காலேஜ் நெறைய அந்த லிஸ்ட்ல இருக்கு, ஆனா அப்ளை பண்ண மாட்டாங்க. அது இல்லன்னா கியான்னு இன்னொரு மத்திய அரசு ஸ்கீம், 2015ல ஆரம்பிச்சது. நாம போக வேண்டாம், அவங்களை இங்க வரவச்சு கோர்ஸ் எடுக்கச் சொல்லலாம், சின்ன கோர்ஸுக்கு 8,000 டாலர், பெருசுக்கு 12,000 வரைக்கும், அவங்க டிக்கெட்டும் அதுக்குள்ளயே. ஸ்காட்லாந்துனா லண்டன் ராயல் சொசைட்டி இன்டர்நேஷனல் எக்ஸ்சேஞ்சஸ் இருக்கு, ரெண்டு வருஷத்துக்கு 12,000 பவுண்ட் வரைக்கும், ஆனா அத அந்தப் பக்கத்துக்காரர்தான் போடணும், அவரு கேட்ட கேள்விக்கு நீங்க ஒரு வார்த்த பதில் சொல்லியிருந்தா அவரே போட்டிருப்பாரு. மொதல்ல ஜாயிண்டா ஒரு பேப்பர், அப்பறம் ஸ்டூடன்ட், அப்பறம் பெரிய கிராண்ட், எம்ஓயு எல்லாத்துக்கும் கடைசி. மெயில்ல மூணு மாசம் பேசாம பிளைட் ஏறவே கூடாது.

என் அனுபவம்னு பாத்தா, நான் இன்னும் போகல. ரெண்டு தடவ ரிஜெக்ட்.

பழைய_கெமிஸ்ட்

தம்பி, அவங்க அட்வைஸ் கேக்கவே இல்லயே. அதுவும் மேல பிரின்சிபால் செஞ்சது சரின்னுட்டு கீழ எம்ஓயு கடைசின்னு நீங்களே சொல்றீங்க.

பருத்தித்துறை_மிளகாய்

நான் யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். இங்க கதைக்கிற ஸ்கீம் ஒண்டும் எங்களுக்கு இல்லை, எங்களுக்கு வாறது ஐரோப்பிய யூனியன்ர எராஸ்மஸ் பிளஸ்தான். ஸ்டாஃப் மொபிலிட்டி எண்டு குறைஞ்சது அஞ்சு நாள், கிழமைக்கு எட்டு மணித்தியாலம் படிப்பிக்க வேணும். பயணக் காசு டிக்கெட் விலையைப் பாத்துத் தாறதில்லை, தூரத்தைப் பாத்துத்தான். நான் போன 2022ல 4,000ல இருந்து 7,999 கிலோமீட்டர் எண்டால் 820 யூரோ, 8,000 தாண்டினால் 1,500 தந்தவை.

நான் போன இடம் பிராங்க்பர்ட்டுக்குக் கிட்ட. கொழும்பில இருந்து அளந்தால் 8,000க்கு மேல வரும். யாழ்ப்பாணத்தில இருந்து அளந்தால் 7,860 சொச்சம். பிளேன் என்னவோ கொழும்புக்குப் பக்கத்தில கட்டுநாயக்காவில இருந்துதான் ஏற வேணும், அதுக்கு இரவு பஸ்ஸில 400 கிலோமீட்டர் தெற்கால என்ர செலவில போக வேணும், ஆனா எங்கட யுனிவர்சிட்டி வடக்கில இருக்கிறபடியால் எனக்கு 680 யூரோ குறைவு. மெயில் போட்டனான். "டிஸ்டன்ஸ் கல்குலேட்டர் அப்படித்தான் காட்டுது" எண்டு பதில் வந்தது.

நான் சொல்ல வந்தது அதில்லை. 2022 மார்ச் கடைசி. இங்க 13 மணித்தியாலம் கரண்ட் கட், அப்பா காஸ் சிலிண்டருக்கு விடிய மூண்டு மணிக்கு கியூவில நிண்டு கொண்டு வொய்ஸ் மெசேஜ் போடுறார். நான் அங்க இரவு பத்து மணிக்கு லேப்பில இருந்து வெளிக்கிடுறன், நீட்டுக் கொறிடோர், ஒரு குருவியும் இல்லை, லைட் எல்லாம் பளபள எண்டு எரியுது. என்ர கை தன்ர பாட்டில சுவிட்ச் எல்லாத்தையும் நிப்பாட்டிக்கொண்டு போகுது. கடைசிச் சுவிட்சை நிப்பாட்ட ஒரு ரூமுக்குள்ள இருந்து ஒரு பிஎச்டி பெடியன் கத்திக்கொண்டு ஓடி வாறான், அவன்ர ரூம் லைட்டும் அதிலதானாம். சொறி எண்டு நாலு தரம் சொன்னனான். ஏன் நிப்பாட்டினனான் எண்டு மட்டும் சொல்லேல்லை. அடுத்த நாள் எல்லாருக்கும் தெரிஞ்சு, டிபார்ட்மென்ட்டில என்னை சுற்றுச்சூழல் ஆள் எண்டு பாராட்டிச்சினம்.

மிச்சம் பிடிச்ச படிக்காசில பால்மா வாங்கிக்கொண்டு வந்தனான். ரெண்டு புத்தகமும் வாங்கினனான், ஆனா சூட்கேஸ் பாரம் கூடிப்போச்செண்டு ஏர்போட்டில வைச்சு எடுத்துக் குடுத்திட்டன்.

சாரல்காரி

அக்கா, "தன்ர பாட்டில"ன்னு படிச்சதும் கையில டீ கிளாஸ அப்படியே வச்சுட்டேன்.

அரசுக்_கல்லூரி_அனாமதேயம்

சின்னதா என்னோடது. கவர்ன்மென்ட் ஸ்டாஃப் வெளிநாட்டுக்காரங்க செலவுல தங்கிச் சாப்பிடணும்னா வெளிநாட்டுப் பண உதவியக் கட்டுப்படுத்துற எஃப்சிஆர்ஏ சட்டத்துல முன் அனுமதி வாங்கணும், எஃப்சி-2 ஃபார்ம். டிக்கெட் கிராண்ட்ல, ஓட்டல் அவங்க செலவு. நானும் போட்டேன். அனுமதி வரல, டேட் வந்துடுச்சு. அவங்க புக் பண்ண ரூம வேணாம்னுட்டு எட்டு பேர் படுக்குற பங்கர் பெட் ஹாஸ்டல்ல சொந்தக் காசுல தங்கினேன், மேல் பெட்டு. காலைல டிபார்ட்மென்ட் தலைவரே கார் எடுத்துட்டு என்னைக் கூப்பிட வந்துட்டாரு. நான் அந்த ஏணில இருந்து லுங்கியோட எறங்கறேன், அவரு கீழ கோட்டு சூட்டுல நிக்கறாரு. "வீ ஹாட் எ ரூம் ஃபார் யூ"ன்னாரு பாவம். எஃப்சிஆர்ஏவ எப்படிங்க இங்கிலீஷ்ல வெளக்கறது, அதுவும் லுங்கில? அனுமதி லெட்டர் நான் ஊருக்கு வந்து பதினோரு நாள் கழிச்சு வந்துச்சு.

செக்‌ஷன்_சீட்

ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் இருக்கேன், இன்னைக்கு எழுதறேன். நான் அந்தப் பக்கத்து ஆளு, அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன்ல 22 வருஷம். ட்யூப்லைட்ல போர்டிங் பாஸ் பாத்தது நான் இல்ல, ஆனா நானும் பாத்திருக்கேன், வேற வேற பேருக்கு.

சார்ங்களா, கிராண்ட் ஏப்ரல்ல சாங்க்‌ஷன் ஆனா நீங்க போறது பிப்ரவரில, பில் வர்றது ஏப்ரல்ல. மார்ச் 31க்குள்ள செலவாகாத காசு திரும்பிப் போகணும், காசு எதுக்குச் செலவாச்சுங்கற யூட்டிலைசேஷன் சர்டிபிகேட்ட 12-ஏ ஃபார்ம்ல நாங்கதான் தயார் பண்ணிக் கையெழுத்து வாங்கணும், ஆடிட்ல நிக்கறதும் நாங்கதான். பத்து வருஷம் கழிச்சு ஆடிட்ல ஆட்சேபம் எழுதி பாரா வந்தா நீங்க வேற யுனிவர்சிட்டில புரொபசரா இருப்பீங்க, என் பென்ஷன்ல கை வைப்பாங்க. இத யாரும் நெனச்சுப் பாக்கறதில்ல.

ஆனா எனக்கும் ஒண்ணு இருக்கு. ஒரு மேடம், புதுசா சேந்தவங்க, மொத தடவ வெளிநாடு. பில்ல எல்லாம் ஒரு பழைய டைரில வரிசையா ஒட்டிக் கொண்டு வந்தாங்க, பக்கத்துல பென்சில்ல "பஸ்", "ரொட்டி", "பஸ்"னு. கூட்டிப் பாத்தேன், அவங்களுக்கு டெய்லி அலவன்ஸா வரவேண்டியதுல மூணுல ஒரு பங்குகூட கேக்கல. அலவன்ஸுக்கு ரொட்டி பில்லே தேவையில்லன்னு அவங்களுக்கு யாரும் சொல்லல. நான் சொல்லியிருக்கலாம். அன்னைக்கு மார்ச் 30, சாயந்திரம் ஆறு மணி, டேபிள் மேல நாப்பது ஃபைல். க்ளெய்ம் பண்ண தொகைய அப்படியே பாஸ் பண்ணிட்டேன். அவங்க தேங்க்ஸ் சொல்லிட்டு ஒரு சாக்லேட் குடுத்துட்டுப் போனாங்க.

டீன்_ஆபீஸ்_வாசல்

சார் அப்ப சப்ளிமென்டரி க்ளெய்ம் போடச் சொல்லியிருக்கலாமே, ரூல்ல இருக்கு.

செக்‌ஷன்_சீட்

தெரியும் தம்பி.

பழைய_கெமிஸ்ட்

சாரல்காரி மேடம், அந்த எம்ஓயு என்னாச்சு?

சாரல்காரி

ஒன்றரை வருஷம் கழிச்சு கூரியர்ல வந்துச்சு, அதுக்குள்ள கொரோனா, அந்தப் புரொபசரும் ரிட்டயர் ஆயிட்டாரு, கையெழுத்து வேற யாரோ போட்டிருந்தாங்க. பிரேம் போட்டு ஆபீஸ் ரூம்ல மாட்டியிருக்கு. போட்டோ இல்லாததுல பிரின்சிபாலுக்கு இன்னும் வருத்தம்.

போன ஜூலைல சீசனுக்கு வீட்டோட அருவிக்குப் போனோம். எல்லாரும் குளிக்கப் போனதும் நான் மட்டும் போன்ல அந்தத் தாளோட போட்டோவ வச்சுக்கிட்டு பாறை இடுக்குல எல்லாம் தேடிக்கிட்டு இருந்தேன். சோப்பு டப்பா, ஷாம்பு பாக்கெட், எண்ணெய் வழுக்கு. ஒரு எடத்துல காசித்தும்பை ஒண்ணு இருந்துச்சு, அதே இனம்தானான்னு உறுதியாச் சொல்ல முடியல, பூ இன்னும் விரியல. வீட்டுக்காரரு துண்டோட வந்து "காலேஜ் வேலைய இங்கயும் கொண்டு வந்துட்டியா"ன்னு கேட்டாரு.

அவரோட பழைய மெயில் ஐடிக்கு எழுதலாம்னு உக்காந்தேன். "உங்க கேள்வி என்னன்னு கேட்டீங்கல்ல"ன்னு ஆரம்பிச்சு ரெண்டு வரி. டிராஃப்ட்லயே கெடக்கு. ரிட்டயர் ஆனவங்களுக்கு அந்த ஐடி வேலை செய்யுமா, யாருக்காவது தெரியுமா?