“அப்பீல் போட்டாச்சும்மா” என்று திருப்பி அனுப்பினார்கள்

எனக்குக் கும்பகோணம். ஏழு வயதுப் பையன் அவன் அப்பா வீட்டில், மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருந்தான். பிள்ளை வழக்கமாக வசிக்கும் இடத்துக் கோர்ட்டில்தான் மனுப் போட வேண்டும் என்பதால் இரண்டரை வருஷம் குடவாசல் வழிப் பஸ்ஸில் அலைந்தேன். கடைசியில் உத்தரவு வந்தது: பையன் என்னிடம், மாதத்தில் இரண்டு சனி ஞாயிறு அப்பாவிடம்.

அழைத்துவரப் போன அன்று மாமனார் திண்ணையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. “அப்பீல் போட்டாச்சும்மா, இனிமே எல்லாம் ஹைகோர்ட்லதான்” என்றார். காவல் நிலையத்திலும் அப்பீல் நம்பரைப் பார்த்துவிட்டு, “கேஸ் நிலுவையில இருக்கே” என்று அனுப்பிவிட்டார்கள். நானும் நம்பித் திரும்பினேன். மூன்று வாரம் அப்படியே போனது.

வக்கீல்தான் விளக்கினார். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் கட்டளை 41, விதி 5 என்று ஒன்று இருக்கிறது. அப்பீல் போட்டதாலேயே கீழ்க்கோர்ட் உத்தரவு நின்றுபோய்விடாது. தனி மனுப் போட்டு ஸ்டே, அதாவது இடைக்காலத் தடை, வாங்க வேண்டும். “நம்பரைக் காட்டினா போதாது, ஸ்டே ஆர்டர் எங்கேன்னு கேளுங்க” என்றார். அவர்களிடம் அது இல்லை.

இதில் நான் செய்த கூத்து ஒன்று. நமக்குத் தெரியாமல் ஸ்டே வாங்கிவிடக் கூடாதே என்று, வக்கீலிடம் கேட்காமல், தெரிந்தவர் ஒருவர் மூலம் மதுரையில் கேவியட் (எங்களையும் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள் என்கிற மனு) போட்டுவிட்டேன். தஞ்சாவூர் மாவட்டத்துக்கு ஹைகோர்ட்டின் மதுரைக் கிளைதானே! ஆனால் உத்தரவு போட்டது திருவாரூர் மாவட்டக் கோர்ட்; அதற்கு அப்பீல் சென்னையில். பணம் தண்டம். மறுபடி சென்னையில் போட்டோம். 90 நாளோடு அது காலாவதியாகும், தேதியைக் குறித்து வையுங்கள்.

அப்புறம் உத்தரவை நடத்திக்கொடுக்கச் சொல்லி நிறைவேற்று மனு, வக்கீல்கள் பாஷையில் ஈ.பி. கோர்ட் அனுப்பிய அமீனாவோடு போனபோது பையன் பாட்டியின் புடவையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. தெருவே கூடிவிட்டது. அமீனா பாவம், நிலத்தை அளந்து ஒப்படைத்துப் பழகியவர், என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான்தான் “வேண்டாம் சார், போயிடலாம்” என்றேன். தோற்றுப்போன மாதிரி இருந்தது. ஆனால் அன்று இழுத்து வந்திருந்தால் அவன் என்னோடு பேசியிருக்கவே மாட்டான்.

அடுத்த வாய்தாவில் பையனைக் கோர்ட்டுக்கே அழைத்துவரச் சொன்னார்கள். ஆலோசகர் அறையில் முதல் நாள் ஒரு மணி நேரம், அப்புறம் அரை நாள், அப்புறம் ஒரு ராத்திரி. நாலாவது முறை பையை அவனே தூக்கிக்கொண்டு வந்தான். சென்னையில் இரண்டு நீதிபதிகள் இரு தரப்பையும் கேட்டுவிட்டு ஸ்டே தரவில்லை. அப்பாவுக்கு மட்டும் பள்ளிக்கூட லீவில் பாதியைக் கூட்டிக் கொடுத்தார்கள்.

*

மயிலாடுதுறையிலிருந்து ஓர் அப்பா:

நான் எதிர்த்தரப்பில் நின்றவன், அக்கா. அப்பீல் போட்டால் போதும் என்று நானும் நினைத்தேன். குடும்ப நலக் கோர்ட் உத்தரவுக்கு 30 நாள் கெடு. அதற்குள் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தேன். ஈ.பி. நோட்டீஸ் வந்த பிறகுதான் ஓடிப்போய் ஸ்டே கேட்டேன். “இத்தனை நாள் என்ன செய்தீர்கள்?” என்பதுதான் முதல் கேள்வி. கிடைக்கவில்லை. மகளை நானே கொண்டுபோய் விட்டேன், போலீஸ் வந்து கூட்டிப்போவதை அவள் பார்க்க வேண்டாமே என்று.

*

திருவையாறிலிருந்து ஒருவர்:

உத்தரவு வந்த அன்றே சான்றிட்ட நகலுக்கு மனுப் போடுங்கள். அது இல்லாமல் எங்கள் ஈ.பி. ஒரு மாதம் நகரவே இல்லை. அக்கா, அப்பீல் என்ன ஆச்சு?

*

இன்னும் நடக்கிறதுங்க. அதில் உத்தரவு மாறினால் இதுவும் மாறும், அந்தப் பயம் இருக்கத்தான் செய்கிறது. இந்தச் சனிக்கிழமை அவன் அப்பாவின் முறை. பாட்டிக்குக் கொழுந்து வெற்றிலை வாங்கித் தரச் சொல்லியிருக்கிறான்.