மேகம் தலைக்கு மேலேயே ஓடுகிறது, மழை மட்டும் ஏன் இல்லை?

உடுமலை அப்பா:
போன ஞாயிறு ஒரு கல்யாணத்துக்குப் பாலக்காடு போய் வந்தோம். அங்கே வைப்பரை நிறுத்தவே முடியவில்லை. பொள்ளாச்சி தாண்டினால் ரோடு காய்ந்து கிடக்கிறது, உடுமலையில் புழுதி பறக்கிறது. மேகம் இல்லாமல் இல்லை, மேற்கேயிருந்து வந்துகொண்டேதான் இருக்கிறது, நின்று நாலு தூறல் போட்டுவிட்டுப் போக மட்டும் மனசு வரவில்லை. ஏழாவது படிக்கும் மகள், "கடல் தண்ணி ஆவியாகி, மேகமாகி, மழையா வரும்னு புக்குல இருக்கே, நம்ம ஊர்ல ஏம்ப்பா வரல?" என்றாள். மலை தடுக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். "மேகம்தான் தாண்டி வந்துடுச்சே, அப்புறம் என்ன தடுக்குது?" என்கிறாள். யாராவது காப்பாற்றுங்கள்.

கொள்ளுக்காடு:
இருக்கிற மரத்தையெல்லாம் வெட்டிவிட்டு மழை வரவில்லை என்றால் எப்படிங்க வரும்?

சாரல்:
கொள்ளுக்காடு, மரம் வேண்டும்தான், காடு விடும் ஈரமும் மழைக்கு உதவுகிறது, ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் அது இல்லை. மலைக்குக் கிழக்கே ஆடியில் வறண்ட காற்று அடிப்பது நம் தாத்தாக்களுக்கு முன்பிருந்தே உண்டு.

அப்பா, உங்கள் மகள் கேட்டது சரியான கேள்வி. மலை மேகத்தைத் தடுக்கவில்லை, காற்றை மேலே ஏற்றி இறக்குகிறது, விஷயம் அதில்தான் இருக்கிறது. சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம்பின் அடிப்பகுதி சுடும், டியூப் வால்வைத் திறந்துவிட்டால் வரும் காற்று ஜில்லென்று இருக்கும். அழுத்தினால் சூடு, விரிந்தால் குளிர்ச்சி. அரபிக்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று ஆனைமலைச் சரிவில் ஏறும்போது, மேலே அழுத்தம் குறைவு என்பதால் விரிகிறது, ஒரு கிலோமீட்டர் ஏறினால் ஏறத்தாழ 10 டிகிரி குளிர்கிறது. குளிர்ந்த காற்றால் அவ்வளவு ஆவியைப் பிடித்து வைக்க முடியாது, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வைத்த சொம்பு வியர்க்கிற மாதிரி ஆவி துளியாகிவிடும், அதுதான் மேகம். துளியாகும்போது உள்ளே இருந்த வெப்பம் வெளிவருவதால் அதற்குமேல் கிலோமீட்டருக்கு 5, 6 டிகிரிதான் குறையும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கீழே 28 டிகிரி. ஒரு கிலோமீட்டரில் 18, மேகம் கட்டி இன்னும் ஒன்றரை கிலோமீட்டர் ஏறினால் 9. ஈரத்தை வால்பாறைப் பக்கமே கொட்டிவிட்டதாக வைத்துக்கொள்வோம். இறங்கும்போது அதே காற்று அமுங்கி, கிலோமீட்டருக்கு 10 வீதம் சூடாகி, கிளம்பிய மட்டத்துக்கு வந்தால் 34 டிகிரி! சூடான காற்றில் மிச்சத் துளிகளும் திரும்ப ஆவியாகிவிடும். நீங்கள் பார்க்கும் மேகம் பெரும்பாலும் கொட்டித் தீர்த்தது போக மீந்தது. இதைத்தான் மழை மறைவுப் பகுதி என்கிறார்கள்.

பாலக்காட்டுக் கணவாயில் மலையே இல்லையே என்று மகள் அடுத்துக் கேட்பாள், தயாராக இருங்கள். இடைவெளியில் காற்று புகுந்து வேகமாக வரும், ஆனால் அதை மேலே தள்ள ஆள் இல்லை. அதனால்தான் உங்கள் பக்கம் மழைக்குப் பதில் காற்றாலை.

தென்னந்தோப்பு:
எங்கள் தோப்பில் சில வருடம் ஜூலையிலேயே நல்ல மழை பெய்திருக்கிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

சாரல்:
அது வானிலை. ஒரு நாள், ஒரு வாரம் எப்படியும் மாறும். காலநிலை என்பது 30 வருடக் கணக்கின் சராசரி, உலக வானிலை அமைப்பு இப்போது 1991 முதல் 2020 வரை எடுத்துக்கொள்கிறது. தமிழ்நாட்டின் வருட மழையில் கிட்டத்தட்ட பாதி அக்டோபர், நவம்பர், டிசம்பரில்தான் விழுகிறது. அப்போது காற்று வங்கக்கடலிலிருந்து திரும்பி வீசும். உங்களுக்கு மழைக்காலம் ஐப்பசிதான், ஆடி இல்லை.

வீட்டில் ஒரு மழைமானி வைத்தால் மகளுக்கும் பிடிக்கும். நேர்ச்சுவர் உள்ள டப்பா ஒன்று, ஸ்கேல் ஒன்று, காலை எட்டரைக்கு அளந்து எழுதினால் போதும். 1 மில்லிமீட்டர் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 1 லிட்டர். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் 10 மில்லிமீட்டர் பெய்தால் 900 லிட்டருக்கு மேல், ஆயிரம் லிட்டர் டேங்க் கிட்டத்தட்ட நிரம்பிவிடும்.

உடுமலை அப்பா:
நன்றிங்க. பம்பை அடித்துக் காட்டினேன், தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறினாள். இப்போது அடுத்த கேள்வி: அப்படியானால் திருமூர்த்தி அணைக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

சாரல்:
அந்தப் பக்கம் கொட்டியதில் ஒரு பங்குதான். மேற்கே ஓடும் ஆறுகளைப் பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தில் அணை கட்டி, சுரங்கம் வழியாகத் திருப்பி, சர்க்கார்பதியிலிருந்து கால்வாயில் உங்கள் அணைக்கு விடுகிறார்கள். வானம் தராததை வாய்க்கால் தருகிறது என்று சொல்லுங்கள், மகள் அதற்கும் ஒரு கேள்வி வைத்திருப்பாள்.