கடலோர விழா: நேரம் எப்படிக் குறிப்பது, விளக்கு எதில் விடுவது?

அலைவாசி:
ஜூன் 8, உலகப் பெருங்கடல் நாளை ஒட்டி 150 பேர் கூடும் விழா. முதலில் கரையில் குப்பை பொறுக்குதல், பிறகு பிள்ளைகளுக்குப் பாறைக்குட்டைகளைக் காட்டுதல், இருட்டியதும் கடலில் விளக்கு மிதக்கவிடுதல். காலை 9 மணி என்று அழைப்பிதழில் போட்டுவிடலாமா? விளக்குத் தட்டை எதில் செய்யலாம்?

நண்டுவளை:
அச்சுக்குக் கொடுத்துவிடாதீர்கள். நேரத்தைக் குறிக்க வேண்டியது ஓத அட்டவணை, அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் நேரப் பட்டியல். பாறைக்குட்டை வெளியே தெரிவதே நீர் வற்றும்போதுதான். தாழ் ஓதத்துக்கு (நீர் மிகவும் இறங்கியிருக்கும் வேளைக்கு) ஒரு மணி நேரம் முன் இறங்கி, அது கழிந்து அரை மணிக்குள் கரையேறிவிட வேண்டும். பெரும்பாலான கரைகளில் தாழ் ஓதம் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை வரும். அதாவது நாளுக்குச் சுமார் 50 நிமிடம் பிந்தும். விழாவை ஒரு வாரம் தள்ளிப்போட்டால் வற்றியிருந்த அதே நேரத்தில் குட்டை முழுகிக் கிடக்கும். பலரும் சறுக்குவது இங்கேதான்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் நன்றாக வற்றும். ஆனால் அந்த நாட்களில் ஏற்றமும் அதிகம். பந்தலைப் பாசி ஒதுங்கிய கோட்டுக்கு மேலே, தள்ளியே போடுங்கள்.

குட்டைக்கு 12 பேருக்கு மேல் ஒரு குழுவில் வேண்டாம். கடலைப் பார்த்தபடி ஒருவர் நிற்கட்டும். புரட்டிய கல்லைப் புரட்டியபடி விட்டால் அடியில் ஒட்டியிருப்பவை வெயிலில் காய்ந்து சாகும். வாளியில் பிடித்து வைப்பதும் கூடாது, கொஞ்ச நீர் சீக்கிரம் சூடேறிவிடும்.

உப்புக்காற்று:
விளக்கை மிதக்கவிடும் யோசனையையே விடுங்கள். அலை உடையும் இடத்தைத் தட்டு தாண்டாது. கவிழ்த்துக் கரைக்கே தள்ளும். இலைத் தட்டு மக்கும், சரி. அதைத் தைத்த நைலான் நூல், ஸ்டேப்ளர் பின், மெழுகுவத்தியின் அலுமினியக் கிண்ணம்? ‘மக்கும் பிளாஸ்டிக்’ என்று விற்பவற்றில் பல தொழிற்கூட உரக்குவியலின் சூட்டில்தான் மக்கும், கடலில் அல்ல. பலூனும் பறக்கும் விளக்கும் அதைவிட மோசம்.

அதற்குப் பதில் கரையிலேயே, கண்ணாடிக் குப்பியில் இரண்டு விரல் மணல் போட்டு அதன்மேல் விளக்கை வைத்தால் காற்றுக்கும் அணையாது. எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். ஆமை முட்டையிடும் கரையென்றால் அதுவும் வேண்டாம்: குஞ்சுகள் வெளிச்சம் இருக்கும் பக்கம் திரும்பிவிடும்.

அலைவாசி:
அன்று தாழ் ஓதம் காலை 10:40. 7:45 முதல் 9:15 வரை குப்பை, 9:40 முதல் 11:10 வரை குட்டை. சரிதானே?

மணல்மேடு:
சரி. நீர் இறங்க இறங்கப் புதுக்கரை தெரியும், பொறுக்கவும் வசதி. ஐந்து பேருக்கு ஒரு சாக்கு. பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், ஈரமணல் சேர்ந்தால் தூக்க முடியாது. உடைந்த கண்ணாடி, ஊசி எல்லாம் மூடியுள்ள கெட்டி வாளிக்கு. சாக்கைக் கிழித்துக் காலைப் பதம் பார்க்கும். பிள்ளைகள் அவற்றைத் தொடக் கூடாது. ஒதுங்கிய கடற்பாசியை வாரிவிடாதீர்கள், பார்க்கக் குப்பை மாதிரி இருந்தாலும் மணலில் தத்தித் திரியும் மணல்தத்திப் பூச்சி போன்ற சிற்றுயிர்களுக்கு அதுதான் வீடு.

குப்பை வண்டிக்கு முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டீர்களா? சாக்குகள் கரையிலேயே கிடந்தால் அன்று மாலை ஏற்றம் அள்ளிக்கொண்டு போய்விடும்.