அர்பானா-ஷாம்பெயினுக்குப் படிக்க வரும் தம்பி தங்கைகளுக்கு

இந்த ஆகஸ்டில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சேர வருகிற பலரும் பெட்டியில் என்ன வைப்பது என்றுதான் முதலில் கேட்கிறீர்கள். குக்கர் எடுத்து வாருங்கள், கூடவே உபரியாக ஒரு கேஸ்கட். கண்ணாடி போடுபவர்கள் இரண்டு ஜோடி. மற்றதை இங்கே வாங்கிக்கொள்ளலாம். சிகாகோ ஓஹேர் விமான நிலையத்திலிருந்து ஊர் ஏறக்குறைய 220 கிலோமீட்டர், வளாகத்துக்கே நேரடி பஸ் உண்டு.

பெட்டியைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் படிக்கிற அரசுப் பல்கலைக்கழகம் இது. உதவிக்கு இங்கே குறைவே இல்லை, ஆனால் "ஏம்பா, வகுப்புக்கு ஏன் வரலை?" என்று கேட்டு யாரும் உங்கள் கதவைத் தட்ட மாட்டார்கள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். நம் பிள்ளைகள் பலர் கேட்கக் கூச்சப்பட்டே செமஸ்டரைக் கோட்டை விடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஆபீஸ் ஹவர்ஸிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஒவ்வொரு பேராசிரியரும் வாரத்தில் குறிப்பிட்ட நேரம் மாணவர்களுக்காகவே அறையில் உட்கார்ந்திருப்பார். பாடம் நடத்த உதவும் டீச்சிங் அசிஸ்டன்டுகளும் தனியாக நேரம் ஒதுக்குவார்கள். நம் ஊர்க் கல்லூரியில் ஸ்டாஃப் ரூம் பக்கம் போனாலே ஏதோ தப்பு செய்துவிட்டான் என்று அர்த்தம். இங்கே அப்படி இல்லை. முந்நூறு பேர் உட்காரும் வகுப்பில் பேராசிரியருக்கு உங்கள் முகம் தெரிய வேறு வழியும் இல்லை. வெறுங்கையோடு போய் "புரியவில்லை" என்று நிற்காதீர்கள். மூன்றாவது கணக்கை எதுவரை போட்டீர்கள், எந்த வரியில் நின்றுவிட்டது என்பதைத் தாளில் காட்டுங்கள். அவர் அந்த வரியில் விரல் வைத்து, "இந்த அனுமானம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்பார். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள். அப்போதுதான் அவர் எழுந்து போர்டில் எழுத ஆரம்பிப்பார். இப்படி நாலைந்து முறை போய் வந்தவரைத்தான் பின்னால் ஆராய்ச்சிக் குழுவில் சேர்க்கவும் சிபாரிசுக் கடிதம் எழுதவும் அவருக்கு நினைவு வரும்.

ஒரு பாடம் கைமீறிப் போகிறது, விட்டுவிடலாம் என்று தோன்றினால் நேராக கம்ப்யூட்டரில் டிராப் பட்டனை அழுத்தாதீர்கள். எஃப்-1 என்கிற மாணவர் விசாவில் இருப்பவர் முழுநேர மாணவராக இருந்தாக வேண்டும். இளநிலைக்கு அது 12 கிரெடிட். முதுநிலைக்கு உங்கள் அசிஸ்டன்ட்ஷிப்பை, அதாவது பல்கலைக்கழகத்தில் பார்க்கும் உதவியாளர் வேலையைப் பொறுத்து மாறும். அதற்குக் கீழே போகுமென்றால், வெளிநாட்டு மாணவர்களுக்கான ஐ.எஸ்.எஸ்.எஸ். அலுவலகத்தில் முதலில் அனுமதி வாங்க வேண்டும், அப்புறம்தான் டிராப். வரிசை மாறினால் விசா நிலையே ஆட்டம் கண்டுவிடும்.

பணம். அசிஸ்டன்ட்ஷிப் வேலை 25 சதவீதத்திலிருந்து 67 சதவீதத்துக்குள் இருந்தால் பொதுவாக டியூஷன் வேவர், அதாவது படிப்புக் கட்டண விலக்கு கிடைக்கும். 50 சதவீதம் என்றால் வாரத்துக்கு 20 மணி நேரம். மணிக்கணக்கில் சம்பளம் தரும் வேலைகளுக்கு இந்த வேவர் கிடையாது; சேரும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். வேலை கேட்டு ஒரே மெயிலை நூறு பேராசிரியர்களுக்கு அனுப்புவதால் பலன் இல்லை. உங்கள் துறையைத் தாண்டி நூலகம், நிர்வாக அலுவலகங்கள் என்று தேடுங்கள், அங்கேயும் ஆள் எடுக்கிறார்கள். பாடம் நடத்தும் வேலைக்கு ஆங்கிலப் பேச்சுத் திறனைக் காட்ட வேண்டும், அதனால் டோஃபல் ஆங்கிலத் தேர்வின் பேச்சுப் பகுதிக்கு நன்றாகத் தயாராகுங்கள். எஃப்-1 விசாவில் இருப்பவருக்கு, செமஸ்டர் நடக்கும்போது வளாக வேலை எல்லாம் சேர்த்து வாரத்துக்கு 20 மணி நேரம்தான், அதாவது 50 சதவீதம்தான். வளாகத்துக்கு வெளியே "கையில் காசு தருகிறேன், வா" என்று யார் கூப்பிட்டாலும், அது ஊர்க்காரராகவே இருந்தாலும், போகாதீர்கள்.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அசைன்மென்டை வாட்ஸ்அப் குழுவில் பகிர்வது இங்கே நட்புக்குச் செய்கிற உதவி ஆகாது. புரோகிராமிங் வகுப்புகளில் எல்லோருடைய கோடையும் மென்பொருளில் போட்டு ஒப்பிடுகிறார்கள். வாங்கியவரோடு கொடுத்தவரும் மாட்டுவார். நண்பனுக்கு உதவ வேண்டுமென்றால் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள், ஃபைலை அனுப்பாதீர்கள்.

காய்ச்சல், தலைவலி என்றால் மெக்கின்லி ஹெல்த் சென்டர். செமஸ்டர் கட்டணத்திலேயே அதற்குப் பணம் கட்டிவிடுகிறோம், பெரும்பாலான சேவைகளுக்குத் தனியாகக் காசு இல்லை. அவசர நிலை இல்லாமல் மருத்துவமனையின் எமர்ஜென்சிக்கு ஓடினால் பில் பயமுறுத்தும். மனம் சரியில்லை என்றால் கவுன்சலிங் சென்டரும் அதே கட்டண ஏற்பாட்டில்தான் இயங்குகிறது. நவம்பர் கடைசியில் மாலை நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். சமவெளி ஊர், காற்றுக்குத் தடுப்பே இல்லை. 2019 ஜனவரி இறுதிக் குளிரில் வகுப்புகளையே ரத்து செய்தார்கள். அறைக்குள்ளேயே முடங்கி, வீட்டுக்குப் போன் செய்வதும் குறைந்து, சமைக்கவும் மனமில்லாமல் போனால் குளிர்தானே என்று விட்டுவிடாதீர்கள். போய்ப் பேசுங்கள்.

ஐ-கார்டு என்கிற பல்கலைக்கழக அடையாள அட்டையைக் காட்டினால், எம்.டி.டி. என்கிற உள்ளூர் பஸ்ஸில் டிக்கெட் வேண்டாம். பகலில் 22 என்று ஓடும் இல்லினி பஸ் இரவிலும் வார இறுதியிலும் 220 ஆகிவிடும், குழம்ப வேண்டாம். வகுப்பு தொடங்குமுன் குவாட் டே வரும், நூற்றுக்கணக்கான மாணவர் சங்கங்கள் மேசை போட்டிருப்பார்கள், கட்டாயம் போங்கள். அப்படியே தெற்கே நடந்தால் 1876 முதல் பயிரிட்டுவரும் மாரோ பிளாட்ஸ் சோதனை வயல் இருக்கும். அந்த வயலின் மக்காச்சோளத்தின் மேல் நிழல் விழக்கூடாது என்று பக்கத்து நூலகத்தையே பூமிக்கு அடியில் கட்டினார்கள். விவசாயமும் பொறியியலும் சொல்லிக்கொடுக்க 1867-இல் தொடங்கிய பல்கலைக்கழகம் அல்லவா, எனக்கு இங்கே மிகவும் பிடித்த இடம் அதுதான்.

கடைசியாக வீடு. இங்கே லீஸ் பெரும்பாலும் ஆகஸ்டிலிருந்து அடுத்த ஆகஸ்ட் வரை. நாலு பேர் சேர்ந்து ஒரே லீஸில் கையெழுத்துப் போட்டால், ஒருவர் பாதியில் போனாலும் அவர் பங்கை மீதிப் பேரிடம் கேட்க வீட்டுக்காரருக்கு உரிமை இருக்கும். ஒவ்வொருவருக்கும் தனி லீஸ் தருவார்களா என்று கேளுங்கள். குடிபோன அன்றே சுவர், கார்ப்பெட், அடுப்பு எல்லாவற்றையும் படம் எடுத்து மெயிலில் அனுப்பிவையுங்கள், காலி செய்யும்போது பழைய சேதத்தைக் காட்டி அட்வான்ஸைப் பிடிப்பது கஷ்டம். பல்கலைக்கழகத்திலேயே ஆஃப்-கேம்பஸ் கம்யூனிட்டி லிவிங் என்ற அலுவலகம் லீஸை இலவசமாகப் படித்து விளக்குகிறது. கையெழுத்துப் போடுவதற்கு முன் அவர்களுக்கு அனுப்புங்கள். சென்னையிலிருந்தே மெயிலில் அனுப்பலாம்.