துருக்கி மொழியில் ‘அலி வந்தது எனக்குத் தெரியும்’ என்பதை எப்படி அமைப்பது?

கொருக்குப்பேட்டைவாசி:
துறைமுகத்தில் துருக்கிக் கப்பல்காரர்களோடு பேச வேண்டியிருப்பதால் மொழி படித்துக்கொண்டிருக்கிறேன். ‘அலி கெல்தி’ என்றால் அலி வந்தான், அதுவரை சரி. அதையே இன்னொரு வாக்கியத்துக்குள் வைத்தால் ‘அலினின் கெல்தியினி பிலியோரும்’ என்று வருகிறது. அந்த ‘னின்’ எதற்கு? வேறு இடங்களில் ‘கெல்மெசினி’ என்று பார்க்கிறேன். எது எப்போது வரும்?

ராயபுரம் அக்கா:
தம்பி, ‘னின்’ நம்முடைய ‘உடைய’தான். தமிழில் ‘அலி வந்தது’ என்று எழுவாயை அப்படியே விட்டுவிடுகிறோம். அங்கே ‘அலியுடைய வந்தது’ என்கிற மாதிரி சொல்ல வேண்டும், அந்த உரிமை வினையிலும் ஒட்டிக்கொள்ளும். ‘கெல்’ வினை, ‘திக்’ விகுதி, பின்னால் உயிர் வந்தால் அந்தக் ‘க்’ மெலிந்துபோகும். நான் வந்ததை என்றால் ‘கெல்தியிமி’, அவன் வந்ததை என்றால் ‘கெல்தியினி’. கடைசி ‘இ’ நம் இரண்டாம் வேற்றுமை ‘ஐ’. தமிழ் தெரிந்தவருக்கு இது பழகிய பாதைதான், எழுவாயை மட்டும் மறக்காமல் மாற்றுங்கள்.

காசிமேடு மாலுமி:
அக்கா சொன்னது சரி. ‘திக்’கா, நீங்க பார்த்த ‘கெல்மெசினி’யில் வரும் ‘மெ’யா என்பதை ‘சொய்லெதி’, அதாவது சொன்னான் என்ற வினையை வைத்துப் பாருங்க. ‘கெல்தியினி சொய்லெதி’ என்றால் தான் வந்ததாகச் சொன்னான். ‘கெல்மெமி சொய்லெதி’ என்றால் என்னை வரச் சொன்னான். முதலாவது செய்தி, இரண்டாவது கட்டளை. கப்பலில் இதை மாற்றிக் கேட்டுவிட்டால் வேலையே மாறிவிடும். விருப்பம், கட்டளை, அவசியம் எல்லாம் ‘மெ’ பக்கம். நடந்தது, நடப்பது இரண்டுக்கும் ‘திக்’, இனி நடக்கப்போவதற்கு ‘கெலெஜெயினி’. அப்புறம், விரும்புகிறவரும் வருகிறவரும் ஒரே ஆள் என்றால் இத்தனை ஒட்டு வேண்டாம், ‘கெல்மெக் இஸ்தியோரும்’ போதும்: வர விரும்புகிறேன்.

கொருக்குப்பேட்டைவாசி:
ரொம்ப நன்றி அண்ணே, அக்கா. பெயரே சொல்லாமல் ‘கெல்தியினி பிலியோரும்’ என்றால் யார் வந்தது?

ராயபுரம் அக்கா:
நீ வந்ததாகவும் இருக்கலாம், அவன் வந்ததாகவும் இருக்கலாம், இரண்டுக்கும் வடிவம் ஒன்றுதான். குழப்பம் வரும் இடத்தில் முன்னால் ‘செனின்’ (உன்னுடைய) அல்லது ‘ஒனுன்’ (அவனுடைய) போட்டுவிடுங்கள்.

காசிமேடு மாலுமி:
இதையும் சேர்த்துப் படிச்சிடுங்க தம்பி, தினமும் காதில் விழும்: ‘கெலிப் கெல்மெதியினி பில்மியோரும்’. வந்தானா இல்லையா, தெரியவில்லை.