எம்.எஸ்சி கணக்கு முடித்துவிட்டு கணிதக் கல்வியில் பிஎச்டி: போகலாமா?

மார்த்தாண்டம்_டீச்சர்:
எம்.எஸ்சி கணிதம், பி.எட் முடித்துவிட்டு மார்த்தாண்டம் பக்கம் ஒரு பள்ளியில் பிளஸ் டூவுக்குக் கணக்கு எடுக்கிறேன். எக்ஸ் ஸ்கொயரை டிஃபரன்ஷியேட் பண்ணச் சொன்னால் வகுப்பே ஒரே குரலில் டூ எக்ஸ் என்கிறது. சரி, எக்ஸ் 3 என்றால் 6 வருகிறதே, அந்த 6 எதைச் சொல்கிறது என்று கேட்டேன் (அந்த இடத்தில் எக்ஸ் ஸ்கொயர் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதை). ஒரு பையன் எழுந்து "விடை, டீச்சர்" என்றான். இதையெல்லாம் முறையாக ஆராயவே பிஎச்டி இருக்கிறதாமே? வீட்டில் பிஜி டிஆர்பி (அரசுப் பள்ளி முதுநிலை ஆசிரியர் தேர்வு) எழுது, இல்லாவிட்டால் அசல் கணக்கிலேயே பிஎச்டி பண்ணு என்கிறார்கள். எம்.எட் இல்லாமல் சேர முடியுமா? முடித்தால் வேலை?

குளச்சல்_டு_மும்பை:
டீச்சர், அந்தப் பையன் உங்களுக்கு ஆய்வுத் தலைப்பையே கொடுத்துவிட்டான்! மும்பை மான்குர்டில் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் இருக்கிறது, டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் (டிஐஎஃப்ஆர்) கீழ் வருவது, 1974-இல் தொடங்கியது. அங்கே அறிவியல் கல்வியில் பிஎச்டி உண்டு, கணிதக் கல்வியும் அதில் அடக்கம். எம்.எட் வேண்டாம், எம்.எஸ்சி போதும். எழுத்துத் தேர்வு, அப்புறம் நேர்காணல். உதவித்தொகையும் உண்டு.

ஆனால் வேலை நீங்கள் நினைக்கிற மாதிரி இருக்காது. ஒரு பிள்ளையை உட்காரவைத்து, ஒரு கணக்கைக் கொடுத்து, யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்வோம். தப்பாகச் சொன்னாலும் திருத்தக் கூடாது, டீச்சராக இருந்தவர்களுக்கு இதுதான் பெரிய பாடு. அப்புறம் அதை "ம்ம்", தயக்கம், நிறுத்தம் உட்பட வரிக்கு வரி எழுத வேண்டும், நம்ம ஊர்ப் பிள்ளைகள் பேசுகிற வேகத்துக்கு அரை மணி நேரப் பதிவே ஒரு நாளைத் தின்றுவிடும்.

தக்கலை_அண்ணாச்சி:
ஆசையைக் கெடுக்கச் சொல்லவில்லை மக்கா, ஆனால் வேலைக் கணக்கைப் பார்த்துக்கொள். கலைக் கல்லூரியில் கணிதத் துறை உதவிப் பேராசிரியர் ஆக அந்தப் பாடத்தில் நெட், செட் (தேசிய, மாநில அளவிலான கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வுகள்) அல்லது பிஎச்டி கேட்பான். கல்வியில் வாங்கிய பட்டத்தைக் காட்டினால் "இது கணக்கு இல்லையே" என்று ஓரம்கட்ட இடம் இருக்கிறது. அதனால் கணிதத்தில் நெட்டோ செட்டோ முதலில் கையில் வாங்கிவிடு, அப்புறம் எங்கே வேண்டுமானாலும் போ. நெட்டில் நல்ல இடம் பிடித்து ஜேஆர்எஃப் என்கிற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், வீட்டிலும் வாய் அடைக்கும்.

பக்கத்திலேயே பார்ட் டைமில் முடிக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். கல்வியியலில் பெரும்பாலும் எம்.எட் கேட்பார்கள். நான் பார்த்த சில ஆய்வேடுகளோ ஐந்து பள்ளியில் கேள்வித்தாள் கொடுத்து, ஆண் பெண் என்று பிரித்து, இரண்டு சராசரிகளை ஒப்பிடும் டி-டெஸ்ட் போட்டு முடித்தவை. அந்தப் பையன் ஏன் "விடை" என்றான் என்பது அதில் எங்கேயும் வராது.

இன்ஜினியரிங்_வாத்தியார்:
எங்கள் பக்கமும் இதே கதைதான். அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகம் 2004-லேயே பொறியியல் கல்விக்கென்று தனித் துறை தொடங்கிவிட்டது. இங்கே ஐஐடி பாம்பேயில் கல்வித் தொழில்நுட்பத்தில் பிஎச்டி இருக்கிறது.

இந்தத் துறையில் ஆதாரம் எப்படித் தேடுகிறார்கள் என்று பார்க்க இயற்பியலில் இருந்து ஒன்று. 1992-இல் விசை பற்றி ஒரு கேள்வித்தாள் வெளியானது, போட்டுப் பார்க்கக் கணக்கே கிடையாது. லாரியும் சின்னக் காரும் நேருக்கு நேர் மோதினால் எது எதன் மேல் அதிக விசை செலுத்தும் என்கிற மாதிரிக் கேள்விகள். இரண்டும் ஒரே அளவு என்பதுதான் விடை, ஆனால் நியூட்டனின் மூன்றாம் விதியை மனப்பாடமாகச் சொல்கிற பிள்ளைகளே லாரி என்பார்கள். 1998-இல் ஹேக் என்பவர் இந்த மாதிரிக் கேள்வித்தாள்களில் 6,000-க்கும் மேற்பட்ட மாணவர்களின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தார். முன்னேற வாய்ப்பிருந்த அளவில் சாதாரண விரிவுரை வகுப்புகள் சராசரியாக 23 சதவீதம்தான் முன்னேறியிருந்தன, மாணவர்களைப் பேசவும் செய்யவும் வைத்த வகுப்புகள் 48. அதைப் படித்த பிறகு என் வகுப்பில் நான் வாயைக் கொஞ்சம் மூடிக்கொண்டேன்.

இன்னொன்று, தலைப்புக்கு மும்பை வரை போக வேண்டாம். குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வாங்குகிற இடத்தில் மெட்ரோலாக் என்கிற மிதவைமானியைப் பாலில் மிதக்கவிட்டு எவ்வளவு ரப்பர் தேறும் என்று பார்க்கிறார்களே, முழுக்க அடர்த்திப் பாடம். பால் வெட்டுகிறவர் வீட்டுப் பிள்ளை அதைத் தினமும் பார்க்கிறான், பரீட்சையில் அடர்த்திக் கணக்கை விட்டுவிட்டு வருகிறான். ஏன்?

மார்த்தாண்டம்_டீச்சர்:
எல்லாருக்கும் நன்றி. செட்டுக்குப் படிக்கத் தொடங்குகிறேன் அண்ணாச்சி. அதற்குள் என் வகுப்பில் நாலைந்து பிள்ளைகளிடம் அந்த 6 பற்றிப் பேசிப் பதிவு செய்து பார்க்கலாமா?

குளச்சல்_டு_மும்பை:
தாராளமாக. ஆனால் ஹெச்.எம் அனுமதியும் பெற்றோர் கையெழுத்தும் வாங்கிவிட்டுத்தான் போனை ஆன் பண்ண வேண்டும், பிள்ளையும் சரி என்று சொல்ல வேண்டும். எழுதும்போது பெயரை மாற்றிவிடுங்கள். முதலில் "விடை" என்ற அந்தப் பையனையே கூப்பிடுங்கள்.