உதவி: லேப்டாப்பில் வைஃபை இணையவில்லை, நாளை காலை நேர்காணல்

கல்லிடைத் தம்பி – இரவு 7.40
வணக்கம். லேப்டாப்பில் வைஃபை இணையவில்லை. போனில் நன்றாக வேலை செய்கிறது. நாளை காலை 10 மணிக்கு வீடியோ நேர்காணல். லேப்டாப்பை நான்கு முறை அணைத்துப் போட்டுவிட்டேன், ரௌட்டரையும் அணைத்துப் பார்த்தேன். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

பேட்டை பழுதகம் – இரவு 7.46
என்ன லேப்டாப் தம்பி? எந்த விண்டோஸ்? எப்போதிலிருந்து இப்படி? கீழே விழுந்ததா? யாராவது திறந்து பார்த்தார்களா?

டவுன்வாசி – இரவு 7.49
ரௌட்டர் எங்கே இருக்கிறது, நீங்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்? கல்லிடைக்குறிச்சி வீடுகள் எனக்குத் தெரியும். திண்ணையில் குரல் கொடுத்தால் கொல்லைக்குக் கேட்காது. ரௌட்டர் வாசல் பக்கம், ஆள் வீட்டின் உள்ளே இரண்டாம் கட்டில் என்றால் காரணம் சுவர்தான். வேறு எதையும் தேட வேண்டாம்.

முறைப்படி – இரவு 7.55
இங்கே ஆறு ஆண்டுகளாகப் பதில் எழுதுகிறேன். 'இணையவில்லை' என்று ஒரே சொல்லில் கேட்பவர்களுக்கு யாராலும் உதவ முடியாது. அதில் மூன்று நிலைகள் இருக்கின்றன. வைஃபை பட்டியலில் உங்கள் வீட்டுப் பெயரே தெரியவில்லையா? பெயர் தெரிந்து, கடவுச்சொல் கொடுத்தபின் மறுக்கிறதா? இணைந்துவிட்டது, ஆனால் இணையம் வரவில்லையா? மூன்றாவது என்றால் ஐபி முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் லேப்டாப்புக்கு உள்ள எண்ணைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் ரௌட்டர் முகவரி கொடுக்கவில்லை, லேப்டாப் தானாக ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. கேள்வியைச் சரியாகக் கேட்டால் பாதி பதில் கிடைத்துவிடும்.

கல்லிடைத் தம்பி – இரவு 8.03
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். எங்கள் வீட்டுப் பெயர் பட்டியலில் வரவே இல்லை. விண்டோஸ் 11. கீழே விழவில்லை, யாரும் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரை மூன்று வாரம் நன்றாக ஓடியது. அன்று இடி மின்னலில் மின்சாரம் போய் இரவுதான் வந்தது. திங்கள் காலையிலிருந்து இப்படி இருக்கிறது. ரௌட்டர் வாசலை அடுத்த ரேழியில் இருக்கிறது, நான் கூடத்தில் இருக்கிறேன்.

முறைப்படி – இரவு 8.06
இதை முதலிலேயே எழுதியிருக்கலாம். டிரைவர், அதாவது வைஃபை கார்டை இயக்கும் மென்பொருள், கெட்டிருக்கிறது. டிவைஸ் மேனேஜரில் வைஃபை கார்டை நீக்கிவிட்டு, மீண்டும் தொடங்கவிடுங்கள். விண்டோஸ் தானாகவே பொருத்திக்கொள்ளும்.

வல்லியூர்க் காற்று – இரவு 8.11
அவசரப்பட்டு எதையும் நீக்க வேண்டாம். இடி விழுந்த நாளிலிருந்து என்கிறார், அதை யாரும் கவனிக்கவில்லையே. மின்சாரம் திரும்பி வரும்போது ஏற்ற இறக்கமாக வரும். என் கடைக்கு ஐப்பசி, கார்த்திகையில் வருகிற சார்ஜர்களில் பாதி இப்படிப் போனவைதான். சார்ஜர் பழுதானாலும் லேப்டாப் தாறுமாறாக நடக்கும். சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் மட்டும் ஓட்டிப் பாருங்கள்.

பேட்டை பழுதகம் – இரவு 8.15
என் அனுபவத்தைச் சொல்கிறேன். வைஃபை கார்டிலிருந்து கறுப்பு, வெள்ளை என்று இரண்டு மெல்லிய ஒயர்கள் திரை ஓரம் வரை போகும். அவைதான் ஆன்டெனா. கார்டில் அவற்றைப் பிடித்திருக்கும் பித்தளைக் கொண்டி கடுகுக்குச் சற்றே பெரியது, அவ்வளவுதான். அது கழன்றால் கார்டு உயிரோடு இருக்கும், ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளது மட்டுமே அதற்குத் தெரியும். போன மாதம் மட்டும் இப்படி மூன்று லேப்டாப் பார்த்தேன். தம்பி, ஒரு சோதனை செய்யுங்கள். உங்கள் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பை இணையுங்கள். பிறகு பட்டியலில் அக்கம்பக்கத்துப் பெயர்கள் எத்தனை தெரிகின்றன என்று எண்ணிச் சொல்லுங்கள்.

டவுன்வாசி – இரவு 8.18
கூடத்துக்கும் ரேழிக்கும் நடுவில் இருப்பது எத்தனை அடிச் சுவர்? இரண்டடி இருக்குமே. மழைக்காலத்தில் அந்தச் சுண்ணாம்புச் சுவர் ஈரம் குடித்து நிற்கும். சுவரில் ஒரு துளை போட்டு ரௌட்டரிலிருந்து லேப்டாப்புக்கு லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். ஹாம்மர் டிரில் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியன் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவார். பிறகு வைஃபை தொல்லையே கிடையாது.

பழைய வீடு – இரவு 8.24
தம்பி, தயவுசெய்து அந்த வேலையைச் செய்துவிடாதீர்கள். அந்தச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும். பூச்சுக்குக் கடுக்காய் ஊறவைத்த தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் விட்டு அரைத்திருப்பார்கள். ஹாம்மர் டிரில் துளைப்பதோடு நிற்காது, இடிக்கும். அந்த அதிர்வில் பூச்சு உள்ளுக்குள் சுவரை விட்டுவிடும், வெளியே தெரியாது. அம்பாசமுத்திரத்தில் எங்கள் தாத்தா வீட்டில் ஏசி குழாய்க்காக ஒரு துளை போட்டார்கள். போட்டவர் சுற்றிலும் சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டுப் போனார். சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாது. ஈரம் பக்கத்துச் சுண்ணாம்பில் தேங்கிவிட்டது. அடுத்த கார்த்திகையில் சுளகு அளவுக்கு ஒரு பாளம் கழன்று, பாட்டி படுத்திருந்த கட்டிலுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. விரலால் தட்டினால் இன்றைக்கும் அந்தச் சுவர் பானை மாதிரி ஒலிக்கிறது.

டவுன்வாசி – இரவு 8.31
அண்ணாச்சி, வீடு மனிதர்கள் குடியிருக்கத்தானே? எங்கள் வீட்டில் இரண்டு துளை போட்டோம், பன்னிரண்டு ஆண்டுகளாகச் சுவர் நிற்கிறது. எண்பது வயதில் என் அப்பா பேரனிடம் வீடியோவில் பேச வாசலுக்கு எழுந்து வர வேண்டியிருந்தது. இப்போது படுத்த இடத்திலிருந்தே பேசுகிறார். அது எனக்குப் பெரிதா, பூச்சு பெரிதா?

பழைய வீடு – இரவு 8.37
உங்கள் அப்பா பேசுவது பெரியதுதான், நான் மறுக்கவில்லை. துளையே போடாமலும் கேபிள் போகும் என்கிறேன். இந்த வீடுகளில் நிலைக்கு மேலே காற்றுக்கென்று சாளரம் விட்டிருப்பார்கள். மின்சார ஒயர் போகிற பட்டி இருக்கும். பழைய காலத்து அழைப்புமணி ஒயர் போன வழி இருக்கும். ஏற்கெனவே உள்ள வழியைத் தேடாமல், கருவி கையில் இருக்கிறது என்பதற்காகச் சுவரைக் குத்துகிறார்கள். கட்டியவர்கள் இன்று இல்லை. அதே போலப் பூசத் தெரிந்த கொத்தனார்கள் நம் பக்கத்தில் எத்தனை பேர் மிச்சம்?

கல்லிடைத் தம்பி – இரவு 8.44
எல்லாவற்றையும் செய்து பார்த்தேன்.
டிரைவரை நீக்கி மறுபடி தொடங்கினேன். மாற்றம் இல்லை.
போன் ஹாட்ஸ்பாட்டில் உடனே இணைந்துவிட்டது.
பட்டியலில் ஏழு பெயர்கள் தெரிகின்றன. எதிர்வீட்டுப் பெயர்கூட முழுக் கோடுகளோடு வருகிறது. எங்கள் வீட்டுப் பெயர் மட்டும் இல்லை. லேப்டாப்பை ரேழிக்குத் தூக்கிப்போய் ரௌட்டருக்கு அடியிலேயே வைத்துப் பார்த்தேன், அப்போதும் இல்லை.
சார்ஜரைக் கழற்றியும் பார்த்தேன். அதன் முள் தட்டையாக இருப்பதால் ஒரு மாற்று பிளக் போட்டுத்தான் எப்போதும் செருகுவேன். அதில் கோளாறோ என்று சந்தேகப்பட்டேன். பேட்டரியிலும் அப்படித்தான் இருக்கிறது.
லேன் கேபிள் போட லேப்டாப்பில் துளையே இல்லை, மெல்லிய மாடல்.

பேட்டை பழுதகம் – இரவு 8.48
எதிர்வீடு முழுக் கோட்டில் தெரிகிறது என்றால் ஆன்டெனா நன்றாக இருக்கிறது. நான் சொன்னது இல்லை. ரௌட்டரில் பெயரை மறைத்து வைக்கும் வசதி ஒன்று உண்டு. யாராவது அதைப் போட்டுவிட்டார்களா?

முறைப்படி – இரவு 8.50
மறைத்திருந்தால் போனிலும் புதிதாகத் தேடும்போது பெயர் வராது. டிரைவரை நீக்கும்போது 'டிரைவர் மென்பொருளையும் அழிக்கவும்' என்ற கட்டத்தில் குறி இட்டீர்களா? இடாமல் நீக்கினால் பழையதே திரும்ப வந்து உட்காரும். சொன்னதை முழுமையாகச் செய்ய வேண்டும்.

ஆற்றங்கரை – இரவு 8.52
தம்பி, ஒரு நிமிடம். சார்ஜர் முள் தட்டை என்றீர்களே, லேப்டாப் எங்கே வாங்கியது?

கல்லிடைத் தம்பி – இரவு 8.54
என் அண்ணன் நியூஜெர்சியில் இருக்கிறார். போன மாதம் வந்தபோது எனக்காக அங்கிருந்து வாங்கி வந்தார். ஏன் அக்கா?

ஆற்றங்கரை – இரவு 9.05
அப்படியானால் டிரைவரை விட்டுவிடுங்கள், அது நன்றாகத்தான் இருக்கிறது. இதையே நான் இரண்டு நாள் அனுபவித்தேன். என் கொழுந்தன் அட்லாண்டாவிலிருந்து கொண்டுவந்த லேப்டாப் வீரவநல்லூர் வீட்டில் இப்படித்தான் முரண்டு பிடித்தது.

2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் சேனல்கள் உண்டு, ரேடியோவில் நிலையங்கள் இருப்பது போல. 1ஆம் சேனல் 2412 மெகாஹெர்ட்ஸ், அடுத்தடுத்து ஐந்து ஐந்தாகக் கூடி, 11ஆம் சேனல் 2462, 13ஆம் சேனல் 2472. நம் நாட்டில் 13 வரை பயன்படுத்தலாம். அமெரிக்காவில் வழக்கம் 11 வரைதான். அங்கே விற்பதற்காகச் செய்த பல கருவிகளுக்கு 12, 13 காதில் விழாது. அந்தச் சேனலில் ரௌட்டர் பக்கத்திலேயே இருந்தாலும் பட்டியலில் பெயர் வராது. இங்கே வாங்கிய போனுக்கு அந்தத் தடை இல்லை, அதனால் போன் இணைகிறது.

சேனலை ரௌட்டரே தேர்ந்தெடுக்கும்படி 'ஆட்டோ' என்று வைத்திருப்பார்கள். ஒவ்வொரு முறை மின்சாரம் போய் வரும்போதும் அது சுற்றிலும் பார்த்து நெரிசல் குறைந்த இடத்துக்குப் போகும். உங்கள் தெருவில் ஏழு வீட்டு வைஃபை இருக்கிறது. பெரும்பாலும் 1, 6, 11 இந்த மூன்றில்தான் அடைந்திருக்கும். ஞாயிறு இரவு உங்கள் ரௌட்டர் 13க்குப் போயிருக்க வேண்டும்.

போனிலேயே சரிபார்க்கலாம். வீட்டு வைஃபையில் இருந்துகொண்டு, பிரவுசரில் 192.168.1.1 என்று போடுங்கள், ரௌட்டரின் அமைப்புப் பக்கம் வரும். வரவில்லை என்றால் ரௌட்டருக்கு அடியில் ஒட்டியிருக்கும் தாளில் முகவரியும் கடவுச்சொல்லும் இருக்கும். ஒயர்லெஸ் பகுதியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்பதற்குள் போய், இப்போது எந்தச் சேனல் என்று பார்த்துச் சொல்லுங்கள். எதையும் மாற்றுவதற்கு முன் எண்ணைப் பாருங்கள், என் ஊகம் தவறாகவும் இருக்கலாம்.

இதற்குள் சிக்கிக்கொண்டால் பயப்பட வேண்டாம். போனை யூஎஸ்பி ஒயரால் லேப்டாப்பில் செருகி, போனின் இணையத்தை ஒயர் வழியே கொடுக்கும் யூஎஸ்பி டெதரிங் என்பதைப் போடுங்கள். வைஃபை இல்லாமலேயே நாளை நேர்காணலை முடித்துவிடலாம்.

வல்லியூர்க் காற்று – இரவு 9.09
மின்சாரம் போனதுதான் தொடக்கம் என்று நான் சொன்னது சரிதான். ஆனால் சார்ஜர் மூலம் இல்லை. அக்கா சொன்ன விஷயம் இன்றுதான் எனக்குத் தெரியும். துபாயிலிருந்து வந்த லேப்டாப்புகளுக்கும் இது நேருமா?

முறைப்படி – இரவு 9.12
துபாயில் 13 வரை உண்டு, அங்கே விற்பதற்கென்று வந்ததில் இந்தச் சிக்கல் இருக்காது. அமெரிக்கப் பெட்டியே துபாய் வழியாக வந்திருந்தால் வரும். லேப்டாப் எங்கே வாங்கியது என்று முதல் பதிவிலேயே எழுதியிருந்தால் நான் டிரைவர் பக்கம் போயிருக்க மாட்டேன். இனிமேல் கேட்பவர்கள் வாங்கிய நாட்டையும் எழுதுங்கள்.

ஆற்றங்கரை – இரவு 9.15
ஐயா, வாங்கிய நாடு முக்கியம் என்று தெரிந்திருந்தால் அந்தத் தம்பி இங்கே கேட்கவே வந்திருக்க மாட்டார்.

டவுன்வாசி – இரவு 9.20
சேனலோ என்னவோ, பழைய வீட்டுக்காரரிடம் ஒன்று கேட்கிறேன். ஹாம்மர் இல்லாமல், சாதாரண டிரில்லில் சுழற்சி மட்டும் வைத்து, மெல்லிய முனையால் மெதுவாகப் போட்டால்?

பழைய வீடு – இரவு 9.26
கட்டாயம் போட்டே ஆக வேண்டும் என்றால் அப்படித்தான் போட வேண்டும். செங்கல் நடுவில் அல்ல, இரண்டு செங்கல்லுக்கு இடையே சாந்து இருக்கும் இடத்தில். பிறகு அடைக்கச் சுண்ணாம்பு மட்டும். சிமெண்ட் ஒரு கரண்டிகூட வேண்டாம். இதை நீங்கள் முதலில் கேட்டிருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

டவுன்வாசி – இரவு 9.29
சரி அண்ணாச்சி. எங்கள் வீட்டுத் துளை இரண்டையும் நாளை தட்டிப் பார்க்கிறேன்.

பேட்டை பழுதகம் – இரவு 9.41
தம்பி, சேனல் என்ன வந்தது?

ஆற்றங்கரை – இரவு 10.10
கல்லிடைத் தம்பி, இருக்கிறீர்களா?

கல்லிடைத் தம்பி – மறுநாள் மாலை 4.35
அக்கா, சேனல் 13 என்றே இருந்தது. 6 என்று மாற்றிச் சேமித்தேன். அரை நிமிடத்தில் பெயர் வந்துவிட்டது. நேர்காணல் தடங்கல் இல்லாமல் முடிந்தது. எல்லோருக்கும் நன்றி.

ஆற்றங்கரை – மறுநாள் மாலை 4.50
மகிழ்ச்சி தம்பி. திரும்ப ஆட்டோவில் வைக்காதீர்கள், அடுத்த மின்வெட்டில் மறுபடி 13க்குப் போகலாம். 6இல் வேகம் குறைவாகத் தெரிந்தால் 1 அல்லது 11 போட்டுப் பாருங்கள். இடையில் உள்ள எண்கள் இரண்டு பக்கத்துச் சேனல்களில் இருக்கும் வீடுகளோடும் மோதும்.

பழைய வீடு – மறுநாள் மாலை 5.02
சுவரில் கை வைக்கவில்லையே?

கல்லிடைத் தம்பி – மறுநாள் மாலை 5.03
வைக்கவில்லை அண்ணாச்சி.